நானாட்டானுக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?

மன்னார் தீவின் வடகரையில், பேசாலைக்கு நேரே கடலில் நிற்கும் கண்ணாடியிழை வள்ளத்தைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது அதன் நிறம். அடுத்து, அணியத்துப் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது என்பது தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பது பிடிபடக் கடைசியாகும். மாதாவின் பெயரோ, அந்தோனியாரின் பெயரோ, வீட்டுப் பிள்ளையின் பெயரோ தமிழில் இருக்கும். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் பதிவு இலக்கம் இருக்கும். ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி எம்.என்.ஆர். என்று முடிந்தால், அது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய மன்னார் மாவட்டத்து வள்ளம். ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கினால் அக்கரைத் தமிழ்நாட்டுப் படகு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தச் சிறு கடலில் ஒரு படகு யாருடையது என்ற கேள்விக்குச் சில வேளை வலையும் தொழிலும் மட்டுமல்ல, சிறையும் விடையாக வந்துவிடுகிறது. ஆகவே அணியத்து எழுத்து விளையாட்டுக் காரியமில்லை.

அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று உலக உணவு விவசாய நிறுவனம் 1989இலேயே ஒரு நியமம் வகுத்தது. 25 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலில் எழுத்தின் உயரம் 1 மீட்டர். 12 முதல் 15 மீட்டர் வரையான படகில் 40 செ.மீ. 5 முதல் 12 மீட்டர் வரை 30 செ.மீ. அதற்கும் சிறியதில் 10 செ.மீ. கறுப்பில் வெள்ளை, அல்லது வெள்ளையில் கறுப்பு. அலங்காரம் கூடாது. எழுத்தின் கோடு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு தடிப்பாக இருக்க வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல், நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இடைவெளி விட வேண்டும்.

இந்த நியமத்தில் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அதன் எண்களைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது, அச்சுத் தொழிலில் தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் என்று தனியே வைத்திருக்கும் தடித்த, அகன்ற எழுத்துக்குப் பக்கத்து உறவுதான். புத்தகத்தில் வரும் எளிய கட்டை எழுத்துகளில் கோட்டின் தடிப்பு உயரத்தில் எட்டிலோ ஒன்பதிலோ ஒரு பங்கு. தடித்த வகையில் அது ஐந்தில் ஒரு பங்கை எட்டும். ஆறில் ஒரு பங்கு என்பது இரண்டுக்கும் நடுவே, தடிப்பின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இந்தத் தடிப்பு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்? அது கண்ணின் கணக்கு. நல்ல பார்வையுள்ள ஒருவருக்கு இரண்டு கோடுகள் இரண்டாகவே தெரிய வேண்டுமானால், அவற்றுக்கிடையே உள்ள வெளி கண்ணில் ஒரு கோண நிமிடமாவது விரிய வேண்டும். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு அது. 5 செ.மீ. தடித்த கோடு ஏறத்தாழ 170 மீட்டர் தூரத்தில் ஒரு கோண நிமிடமாகச் சுருங்கிவிடும். 30 செ.மீ. எழுத்தின் கோடு சரியாக 5 செ.மீ. ஆகவே அசையாத படகு, தெளிந்த வானம், குறையில்லாத கண், மூன்றும் அமைந்தால் 170 மீட்டர் தள்ளி அதைப் படிக்கலாம். மன்னார்க் கடலில் இந்த மூன்றும் ஒன்றாக அமைகிற நாட்கள் அதிகமில்லை. பாதித் தூரத்தையே நம்புவது நல்லது.

இதே அளவுகோலைத்தான் கண் மருத்துவரின் சுவரிலும் பார்க்கிறோம். ஒல்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட பார்வைச் சோதனை அட்டையில், ஒவ்வொரு எழுத்தும் ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குள் வரையப்பட்டது. கோட்டின் தடிப்பு ஒரு கட்டம், வெளியும் ஒரு கட்டம். உயரம் எவ்வளவோ அகலமும் அவ்வளவு. 6 மீட்டர் தூரத்தில் படிக்க வேண்டிய வரியில் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அட்டையை அச்சுக்கலைஞர் ஒருவரிடம் காட்டினால், தடித்த, சதுர உடம்புள்ள, அகன்ற எழுத்து என்றுதான் சொல்வார். பார்வையை அளக்கப் புறப்பட்ட விஞ்ஞானமும் ஊரைக் கூட்டப் புறப்பட்ட விளம்பரமும் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். தடித்த எழுத்து தூரத்துக்குத் தெரிவது அதிலுள்ள கறுப்பால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கறுப்பு கூடினால் ‘ஏதோ எழுதியிருக்கிறது’ என்பது நன்றாகத் தெரியும். ‘என்ன எழுதியிருக்கிறது’ என்பதைத் தெரிவிப்பது கறுப்புக்குள் விட்ட வெள்ளை. கோட்டைத் தடிப்பாக்கத் தடிப்பாக்க அந்த வெள்ளை சுருங்கும். சுருங்காமல் காக்க ஒரே வழி எழுத்தை அகலமாக்குவது. தடிப்புக்குக் கொடுக்கும் விலைதான் அகலம். கறுப்பைக் கூட்டிவிட்டு அகலத்தைக் கொடுக்க மறுத்தால், கிட்டேயிருந்து கம்பீரமாகவும் எட்டப் போனால் கரிக்கட்டியாகவும் தெரியும் எழுத்துதான் மிஞ்சும்.

தமிழில் இந்த விலை எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு எழுத்தின் குறுக்கே படுக்கையாக ஒரு நூல் பிடித்து, அது எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ‘ப’வில் இரண்டு. ‘ம’வில் மூன்று. இரண்டு சுழி ‘ன’வில் நாலு. மூன்று சுழி ‘ண’வில் ஐந்துக்குக் குறையாது. கோடும் வெளியும் சம தடிப்பு என்று வைத்தால், ‘ப’வுக்கு மூன்று அலகு அகலம் போதும், ‘ம’வுக்கு ஐந்து, ‘ன’வுக்கு ஏழு, ‘ண’வுக்கு ஒன்பது. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு தடிப்பு என்ற நியமத்தை இங்கே பொருத்தினால், எழுத்தின் உயரம் ஆறு அலகு. அதாவது ‘ண’ உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலம் கேட்கிறது. வடிவமைப்பாளரின் விருப்பு வெறுப்பு இதில் எதுவுமில்லை. அந்த எழுத்தின் உடம்பே அப்படி.

ஆங்கிலப் பேரெழுத்துகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘ஈ’, ‘பி’, ‘எஸ்’ போன்றவற்றில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது உயரம். அகலத்தில் எவ்வளவு நெருக்கினாலும் ஓரளவு தாங்கும். ‘எம்’, ‘டபிள்யூ’ போன்ற சிலதான் விதிவிலக்கு. தமிழில் ‘ன’, ‘ண’, ‘ம’, ‘ஞ’, ‘ஊ’, ‘ஒ’ என்று பல எழுத்துகளில் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவை கேட்பது அகலம். ஆங்கிலத்துக்குப் பழகிய பலகையில், ஆங்கிலத்தை நெருக்குகிற அளவுக்கே தமிழையும் நெருக்கினால் நெருக்கம் ஒன்றாக இருக்கும், சேதம் ஒன்றாக இராது.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள நானாட்டானை எடுத்துக்கொள்வோம். ‘ந’, கால், ‘ன’, கால், ‘ட்’, ‘ட’, கால், ‘ன்’. மேலே சொன்னபடி அலகுகளைக் கூட்டி, எழுத்துக்கிடையே ஒவ்வோர் அலகு விட்டால் மொத்தம் 40ஐத் தாண்டுகிறது. உயரம் ஆறு அலகு. ஆக, இந்தப் பெயரைத் தடித்த எழுத்தில் ஒழுங்காக எழுத உயரத்தைப் போல் ஏழு மடங்கு நீளமான இடம் வேண்டும். 20 செ.மீ. உயர எழுத்தென்றால் 1 மீட்டர் 40 செ.மீ. பலகை செய்பவர் 80 செ.மீ.தான் இருக்கிறது என்று அதற்குள் திணித்தால், ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வெளியும் கிட்டத்தட்டப் பாதியளவாகின்றன. படிக்கக்கூடிய தூரமும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். உயரம் குறையவில்லையே என்று பலகைக்காரர் வாதாடலாம். கண்ணுக்கு உயரம் பொருட்டில்லை, மிகக் குறுகிய வெளி எதுவோ அதுதான் பொருட்டு.

வள்ளத்தின் பக்கம் இந்த வகையில் கொடுத்துவைத்தது. மன்னார்க் கரையோரத்து வள்ளங்கள் பெரும்பாலும் 6 மீட்டரை ஒட்டிய நீளம் உள்ளவை. தண்ணீருக்கு மேலே தெரியும் பக்கம் உயரத்தில் சிறியது, நீளத்தில் பெரியது. உயரமாக எழுத அங்கே வழியில்லை. நீட்டி எழுதத் தடையில்லை. தூரிகையோடு குந்தியிருந்து எழுதும் ஒருவரின் கை இயல்பாகவே அகன்ற எழுத்துக்குத்தான் போகும். அச்சுக்கலைப் பாடம் எதுவும் படிக்காமல், படகின் உருவத்தைப் பார்த்தே சரியான எழுத்துக்கு வந்து சேர்கிறவர்கள் இவர்கள்.

அச்சில் இந்த எழுத்துகள் வந்த கதை சுருக்கமானது. ஐரோப்பாவில் மூன்றரை நூற்றாண்டு வரை அச்செழுத்து என்றால் புத்தக எழுத்துதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லொத்தர்ச் சீட்டு, நாடகம், குதிரைவண்டிப் பயணம் எல்லாவற்றுக்கும் சுவரொட்டி ஒட்டத் தொடங்கியபோது, ராபர்ட் தோர்ன் போன்ற வார்ப்புக்காரர்கள் எழுத்தைக் கொழுக்கவைத்தார்கள். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனமும் அதிகம், முகமும் சமமாக வராது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் இயந்திரத்தால் எழுத்து வெட்டத் தொடங்கினார். அதன்பின் எழுத்து எவ்வளவு தடிப்பாகவும் எவ்வளவு அகலமாகவும் போகலாம் என்றாகிவிட்டது. 1957இல் சுவிட்சர்லாந்துக்காரரான அட்ரியன் ஃபுருட்டிகர் யூனிவர்ஸ் என்ற எழுத்துருவை 21 வகைகளாக வெளியிட்டபோது, தடிப்பையும் அகலத்தையும் இரண்டு தனி அளவுகளாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஈரிலக்க எண் கொடுத்தார். முதல் இலக்கம் தடிப்பு, இரண்டாம் இலக்கம் அகலம். அதில் 83 என்பது மிகத் தடித்த, மிக அகன்ற வகை. நம் பேச்சு இந்த 83இன் குடும்பத்தைப் பற்றியதுதான்.

தமிழுக்கு வழி வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோட்டுக்கு ஒரே தடிப்புதான். தூரிகையும் இறகுப் பேனாவும் ஐரோப்பிய எழுத்துக்குக் கொடுத்த தடிப்பு மெலிவு வேறுபாடு ஓலையில் பிறக்கவில்லை. அந்தக் கோடுகளை ஈயத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதல்வரான அண்டிரிக் அடிகளார், 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபின், 1560களின் தொடக்கத்தில் இந்தத் தீவில் இருந்து பணியாற்றியவர். கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். அவருக்கு மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவும் ஆசையும் இருந்தது. அது நடக்கவில்லை. நடந்திருந்தால் எழுத்து வார்ப்பது இந்தத் தீவின் தொழில்களில் ஒன்றாகியிருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அவ்வளவே.

ஒரே தடிப்புக் கோட்டோடு பிறந்த எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி? எல்லாப் பக்கமும் சமமாகப் பூசினால் முதலில் அடைபடுவது சுழி. ‘ன’வின் சுழி புள்ளியாகும், ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். தேர்ந்த வடிவமைப்பாளர் நேர்க்கோட்டில் தடிப்பைக் கூட்டி, சுழியிலும் வளைவுகள் சேருமிடத்திலும் தடிப்பைத் திருடிக்கொள்வார். கண் அந்தத் திருட்டைக் கவனிப்பதில்லை. எழுத்து முழுவதும் ஒரே கனம் என்றே நம்பும்.

கணினிக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. தடித்த வகை இல்லாத எழுத்துருவைத் தெரிவுசெய்துவிட்டு ‘தடிப்பாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால், அது எழுத்தின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே அளவாக ஊதிவிடும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்த, இன்னும் விட்டுப்போகாத பாமினி எழுத்துருவில் ஊதிய கண்ணீர் அஞ்சலிப் பனர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இறந்தவரின் படம் தெளிவாக இருக்கும், பெயர் கரியாக இருக்கும்.

இன்னொரு குறுக்குவழி இழுப்பது. எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு இழுத்தால், நிமிர்ந்த கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கின்றன. படுத்த கோடுகள் இருந்தபடியே இருக்கின்றன. ஆறு அலகு நிமிர்கோடு ஒன்பதாகும், படுகோடு ஆறிலேயே நிற்கும். வட்டச் சுழி முட்டையாகும். புள்ளியும் வட்டம் போய் நீள்வட்டமாகும். நெருக்கும்போது இதற்கு மறுதலை நடக்கிறது. நிமிர்கோடுகள் மெலிய, படுகோடுகள் மட்டும் கனத்துத் தொங்கும். அகன்ற எழுத்து என்பது இழுத்த எழுத்தில்லை, அகலமாகவே வரைந்த எழுத்து. கோட்டின் தடிப்பைக் கட்டுக்குள் வைத்து, வெளியை மட்டும் விரிப்பதுதான் அதன் வேலை. கடைத்தெருவில் இழுத்த எழுத்தையும் வரைந்த எழுத்தையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி, புள்ளி வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது.

வரைந்த அகலம் தமிழில் அண்மைக்காலம் வரை அரிது. இப்போது தடிப்பையும் அகலத்தையும் நகர்த்துகோலால் கூட்டிக் குறைக்கும் எழுத்துருக்கள் வந்துவிட்டன. இதற்கான தொழில்நுட்பத்தை அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை 2016இல் கூட்டாக அறிவித்தன. மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனேக் குடும்பத்தில் தமிழும் ஒன்று. ஆதர்ஷ் ராஜன் வரைந்த அனேக் தமிழில் அகலம் 75இலிருந்து 125 வரை போகும், தடிப்பு 100இலிருந்து 800 வரை. 100 அகலம் என்பது இயல்பு, 125 என்றால் கால்பங்கு கூடுதல். இது இலவசம். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழிலும் அகலத்தை மாற்றும் வசதி உண்டு. ஆனால் அது 62.5இல் தொடங்கி 100இல் முடிந்துவிடுகிறது. நெருக்க வழியிருக்கிறது, விரிக்க வழியில்லை. சிறு திரையில் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்கும் தேவையிலிருந்து பார்த்தால் அதற்கு நியாயம் உண்டு. வீதிப் பலகைக்கு அந்த நியாயம் செல்லாது.

மன்னாரின் ஒளி வேறொரு சிக்கல். மேடு பள்ளமில்லாத தீவு. மணலும் கடலும் உப்பளமும் வெயிலை மேல்நோக்கித் திருப்பியடிக்கின்றன. உச்சிவேளையில் தூரத்துப் பொருள்கள் மீது ஒரு வெண்திரை விழுகிறது. கறுப்பு சாம்பலாகி, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. இப்படி வேறுபாடு குறையும்போது கண் முதலில் இழப்பது நுணுக்கமான கோடுகளை. கண்ணுக்கு மிக எளிதாகப் பிடிபடுவது ஒரு பாகைக்குள் மூன்று முதல் ஐந்து கருவெள்ளை இணைகள் கொண்ட அமைப்பு. முழு வேறுபாடு இருந்தால் 30 இணைகளையும் அதற்கு மேலும் பிரித்தறியும். வேறுபாடு மங்க மங்க அந்த எல்லை கீழிறங்கும். தெளிவான காலையில் மெல்லிய எழுத்தும் தடித்த எழுத்தும் ஏறத்தாழ ஒரே தூரத்துக்குத் தெரிந்தாலும், கூசும் மதியத்தில் மெல்லியது முதலில் கரைந்துபோவதற்கு இதுவே காரணம். உப்புக்காற்றில் வண்ணம் உரிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. கோட்டில் அரை செ.மீ. உரிந்தால் எழுத்தே மாறிவிடும். 5 செ.மீ. கோட்டில் அது வெறும் காயம்.

வெள்ளை எழுத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இருண்ட தளத்தில் உள்ள வெள்ளைக் கோடு, அதே அளவுக் கறுப்புக் கோட்டைவிடத் தடிப்பாகத் தெரியும். ஒளி கண்ணுக்குள் சிதறிப் பரவுவது இதற்கு ஒரு காரணம். இரவில் வாகன வெளிச்சம் பட்டு ஒளிரும் பலகைகளில் இந்தப் பரவல் எழுத்தின் உள்வெளிகளை நிரப்பிவிடும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பழைய எழுத்துக்குப் பதிலாக உள்வெளி அகன்ற கிளியர்வியூ எழுத்துருவை 2004இல் அனுமதிக்க வழிவகுத்தது இந்தக் கவலைதான். அந்த நாட்டின் பழைய நெடுஞ்சாலை எழுத்து மிகக் குறுகியதிலிருந்து மிக அகன்றது வரை ஆறு அகலங்களில் வரையப்பட்டது. அவற்றுள் மிகக் குறுகியதைப் பின்னர் கைவிட்டுவிட்டார்கள். காரணம், அது படிக்க முடியாமல் இருந்தது.

போர் முடிந்த காலத்தில் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வீதியோரம் நின்ற சிவப்புப் பலகைகளை இங்கே நினைக்க வேண்டும். மண்டையோடும் குறுக்கெலும்பும், மிதிவெடி என்ற எச்சரிக்கையும், வெள்ளையில். அந்தப் பலகை செய்ய வேண்டிய வேலையை எந்த எழுத்துருவும் தனித்துச் செய்ய முடியாது. படிக்கத் தெரியாத குழந்தையும் நின்றுவிட வேண்டும். அதனால் படம் முன்னே, எழுத்து பின்னே. இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே மன்னார்ப் பிள்ளைகள் ஒரு தலைமுறை அந்தச் சிவப்பையும் மண்டையோட்டையும் எழுத்துக்கு முந்திய எழுத்தாகக் கற்றுக்கொண்டுவிட்டது. தடித்த எழுத்தின் எல்லை எது என்று கேட்டால் நான் அந்தப் பலகையைத்தான் காட்டுவேன்.

எழுத்தே முழுப் பொறுப்பையும் சுமக்கும் இடம் மும்மொழிப் பலகை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் வீதியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 19 மீட்டருக்கு மேல் கடக்கிறது. 70 மீட்டர் முன்னே படிக்க முடிந்தால் ஓட்டுநருக்கு மூன்றரை வினாடி இருக்கிறது. 35 மீட்டரில்தான் படிக்க முடியுமென்றால் இரண்டு வினாடிகூட இல்லை. அந்த நேரத்தில் வீதியையும் மாட்டையும் பார்க்க வேண்டும். தன் மொழியின் வரியைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் யன்னலோரம் இருப்பவருக்கு அவசரம் இல்லை. ஓட்டுநருக்கு உண்டு.

மும்மொழிப் பலகையில் வரிகள் ஒவ்வொன்றுக்கும் சம உயரம் என்று பிரிப்பது நியாயமாகத் தெரியும். ஆங்கிலப் பேரெழுத்துக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கொடுத்த உயரத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். எருக்கலம்பிட்டியைத் தமிழில் எழுதினால் மேலே புள்ளிகளும் ‘பி’, ‘டி’யின் கொக்கிகளும், கீழே ‘ரு’வின் வளைவும் வரும். முருங்கனுக்கும் விடத்தல்தீவுக்கும் அப்படியே. மேலும் கீழும் ஒதுக்கிய பிறகு எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது ஒதுக்கிய உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். சிங்களத்துக்கும் இதே தொல்லை இருக்கிறது, அதற்கும் மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் உண்டு. ஆக, சமமாகப் பங்கிட்ட பலகையில் ஆங்கிலம் தடித்தும் பெருத்தும் நிற்க, உள்ளூர் மொழிகள் இரண்டும் ஒடுங்கி நிற்கின்றன. அங்கே அதிகம் படிக்கப்படுபவை எந்த மொழிகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்கு கிழக்கில் நிருவாக மொழியும் தமிழ்தான். பலகையில் எந்த மொழி மேலே என்று சண்டை பிடித்த அளவுக்கு, அந்த மொழி படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று நாம் பார்த்ததில்லை. வரிசையில் முதலிடம் கிடைத்து, எழுத்து நெருக்குண்டு கிடந்தால், அது கிடைத்த மாதிரியும் இல்லை.

தடித்த அகன்ற எழுத்தின் குணம் என்ன என்று கேட்டால், அது மெதுவாகப் பேசும், அடித்துப் பேசும். கனமான பொருள் அசையாமல் நிற்கும் என்ற உணர்வை அது கொடுக்கிறது. அதனால்தான் சீமெந்து, இரும்பு, பார ஊர்தி, விளையாட்டுக் கழகம் எல்லாம் அதைத் தேடிப் போகின்றன. இத்தாலியர் ஆல்டோ நொவரேசே 1962இல் வரைந்த யூரோஸ்டைல் எழுத்துருவின் தடித்த அகன்ற வகை, ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் கணினித் திரைகளில் வந்தபின் அந்த வடிவத்துக்கு எதிர்காலத்தின் முகமும் கிடைத்தது. தமிழில் அந்த எழுத்தை நாளிதழ்த் தலைப்பும் சினிமாச் சுவரொட்டியும் சத்தம் போடவே பயன்படுத்தின. சத்தம் அதன் ஒரு குணம்தான். வள்ளத்துப் பக்கத்தில் அது சத்தம் போடவில்லை, தன் பெயரைச் சொல்கிறது.

நீண்ட வாசகத்துக்கு இது உதவாது. படிக்கும்போது கண் ஒரு பார்வைக்கு ஏழெட்டு எழுத்து என்ற கணக்கில் தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் கால் வினாடி நிற்கிறது. கிட்டே வைத்துப் படிக்கும் அளவில் எழுத்தைத் தடிப்பாக்குவதால் வேகம் கூடுவதில்லை, மிதமிஞ்சிய தடிப்பு வேகத்தைக் குறைக்கவே செய்கிறது. கோயில் திருவிழா நோட்டீஸ் முழுவதையும் தடித்த எழுத்தில் அடிப்பவர்கள் எதையும் அழுத்திச் சொல்லவில்லை. எல்லாம் தடித்தால் எதுவும் தடித்ததில்லை. மூன்று சொல், நாலு சொல், அதற்கு மேல் வேண்டாம். தேதியும் இடமும் தடிக்கட்டும், உபயகாரர் பட்டியல் மெலிந்தே இருக்கட்டும். உபயகாரர் கோபிப்பார்கள், அது வேறு விடயம்.

பலகை எழுதக் கொடுக்கும் பிரதேச சபைகளுக்கும், பதிவு இலக்கமும் பெயரும் எழுதக் கொடுக்கும் வள்ளச் சொந்தக்காரர்களுக்கும், கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தின் உயரத்தை மட்டும் பேசி விலை முடிக்காதீர்கள். அகலத்தையும் கேளுங்கள். தமிழ் வரிக்கு இடம் போதாவிட்டால் எழுத்தை நெருக்கச் சொல்லாமல் பலகையை நீட்டச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் அதே எழுத்துருவில், 3 செ.மீ. உயரத்தில், ‘மன்னார்’ என்றும் அதன் கீழே ‘மண்ணார்’ என்றும் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, 20 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். 30 செ.மீ. எழுத்தை 200 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம் அது. அங்கே தெரியாவிட்டால் 10 மீட்டருக்கு வாருங்கள். அங்கேயும் இரண்டு சுழியும் மூன்று சுழியும் வேறாகத் தெரியாவிட்டால், அந்த எழுத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.